துடிக்கும் மோட்டாரும் அறுபடும் நூலும்

(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் எழுதுவது)

சங்கங்களின் ஏடுகளைப் பார்வையிடச் செல்லும் ஆய்வாளன் முதலில் கேட்பது ரொக்கப் புத்தகத்தை. அடுத்துக் கேட்பது இருப்புப் பதிவேட்டை. இவ்விரண்டுக்கும் பிறகு நான் தவறாமல் கேட்கும் ஏடு ஒன்று உண்டு. அது பழுதுபார்ப்புச் செலவு ஏடு. சங்கத்தின் யந்திரங்கள் நலமாக இருக்கின்றனவா, அவற்றை வாங்கியவர்கள் யோசித்து வாங்கினார்களா என்பதை அந்த ஏடு ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடும்.

சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் சங்கத்தில் அந்த ஏட்டைப் புரட்டினேன். தார் சுற்றும் கூடத்தில் எட்டு மாதங்களுக்குள் இரண்டு முறை பேரிங் மாற்றியிருந்தார்கள். பெல்ட் மூன்று முறை மாறியிருந்தது. யந்திரம் பழையதாக இருந்தால் வியப்பில்லை. ஆனால் அந்த மோட்டார் புதியது, நிலைக்காந்தம் பொருத்தியது, வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் தனியே ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி கொண்டது. மெல்லிய நூலுக்கு ஒரு வேகம், தடித்த நூலுக்கு ஒரு வேகம் என்று வைத்துக்கொள்ளலாம் என்னும் நல்ல நோக்கத்தோடு, சங்கத்தின் சேமநிதியிலிருந்து வாங்கியது.

செலவைவிட மோசமானது, அதை ஒட்டி எழுந்த சச்சரவு. புதிய மோட்டார் வந்தது முதல் தார் சுற்றும்போது நூல் அதிகமாக அறுபட்டது. சுற்றும் பெண்களுக்குக் கூலி தார் எண்ணிக்கைக்கு. நூல் அறுந்தால் அவர்கள் கூலி குறையும். நிர்வாகக் குழுவினர் நூல் மட்டமானது என்று முடிவு செய்து, நூல் அளித்தவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். அவர்கள் தங்கள் நூலைச் சோதித்து, குற்றமில்லை என்று பதில் எழுதினார்கள். பிறகு, சுற்றுபவர்களுக்குக் கவனம் போதாது என்ற பேச்சு எழுந்தது. பேரவைக் கூட்டத்தில் ஒரு சாரார் மோட்டாரையே கழற்றி விற்றுவிட வேண்டும் என்றார்கள்.

நான் கூடத்திற்குச் சென்றபோது, அங்கே முப்பது ஆண்டுகளாகத் தார் சுற்றிவரும் ஒரு மூதாட்டி சொன்ன சொல் என்னை நிறுத்தியது.

“ஐயா, நூல் எப்போதும் அறுவதில்லை. வேகக் குமிழை இந்தக் கோட்டில் வைத்தால்தான் அறுகிறது. கொஞ்சம் கூட்டினாலும் சரி, குறைத்தாலும் சரி, அறுவதில்லை. நான் சொன்னால் யார் கேட்கிறார்கள்?”

“இதை எழுதிக் கொடுத்தீர்களா அம்மா?” என்றேன்.

“எழுத எங்கே இடமிருக்கிறது?” என்றார்.

அவர் காட்டிய கோடு, மோட்டார் நிமிடத்திற்கு 600 சுற்று ஓடும் இடம். நூல் மட்டமாக இருந்தால் எல்லா வேகத்திலும் அறுபட வேண்டும். வேகம் கூடக் கூட அதிகமாக அறுபட வேண்டும். ஒரே ஒரு வேகத்தில் மட்டும் அறுபடுகிறதென்றால் குற்றம் நூலில் இல்லை, கையிலும் இல்லை. அது எங்கே இருக்கிறது என்பதைச் சொல்வதும், அத்தகைய குற்றத்தைச் சங்கங்கள் பணம் கொடுத்து வாங்காமல் இருப்பது எப்படி என்று என் கருத்தைக் கூறுவதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

சீரான சுழற்சியும் சீரற்ற இழுப்பும்

மோட்டாரின் அச்சைத் திருப்பும் விசைக்கு முறுக்குவிசை என்று பெயர். அச்சு சீராகச் சுழல்வதுபோல் கண்ணுக்குத் தோன்றினாலும், அதைத் திருப்பும் விசை எல்லாக் கணத்திலும் ஒரே அளவாக இருப்பதில்லை. மிதிவண்டி ஓட்டுவோர் இதை அறிவார்கள். மிதிகட்டை கிடைமட்டமாக இருக்கும்போது காலின் விசை முழுவதும் சக்கரத்திற்குச் செல்கிறது. நேர் மேலும் கீழுமாக இருக்கும்போது ஏறக்குறைய ஒன்றும் செல்வதில்லை. வண்டி ஓடுவதென்னவோ தொடர்ந்துதான். ஆனால் இழுப்பு விட்டு விட்டு வருகிறது. மோட்டாரில் இவ்வாறு நேரும் ஏற்ற இறக்கத்தை இங்கே துடிப்பு என்று சொல்வோம்.

நம் அங்கத்தினர்கள் நெடுங்காலமாக அறிந்த மும்முனை மோட்டாரில் இக்குறை இயல்பாகவே குறைவு. 1889ஆம் ஆண்டில் டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கி என்னும் பொறியாளர் மும்முனைத் தூண்டல் மோட்டாரை அமைத்தபோது, மூன்று மின்னோட்டங்களும் ஒன்று குறைய மற்றொன்று கூடும் வகையில் அமைந்து, மொத்த இழுப்பு மாறாமல் நிற்கும் என்ற சிறப்பைப் பயன்படுத்திக்கொண்டார். ஒருமுனை மோட்டாரில் அந்த வசதி இல்லை. நம் மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைவது. ஆகவே ஒருமுனை மோட்டாரின் இழுப்பு விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். அதன் உறுமலுக்குக் காரணம் இதுவே.

இப்போது வரும் நிலைக்காந்த மோட்டார்களின் கதை வேறு. இவை நேரே மின்கம்பியில் இணைத்து ஓட்டப்படுவதில்லை. இடையில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியே மூன்று சுருள்களுக்கும் மின்னோட்டத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. அப்பங்கீடு எப்படி நடக்கிறது என்பதில்தான் துடிப்பின் இரகசியம் இருக்கிறது.

தேர் வடமும் மூன்று அணிகளும்

ஒரு தேரை மூன்று அணிகள் இழுப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். எந்த நேரத்திலும் இரண்டு அணிகள் இழுக்கும். ஓர் அணி ஓய்ந்திருக்கும். குறித்த இடம் வந்ததும், இழுத்துக்கொண்டிருந்த ஓர் அணி வடத்தைச் சட்டென்று விட, ஓய்ந்திருந்த அணி சட்டென்று பிடிக்க வேண்டும். விட்டவர்கள் உடனே விட்டுவிடுகிறார்கள். பிடிப்பவர்கள் இறுக்கிப் பிடிக்கச் சற்று நேரமாகிறது. அந்த இடைவெளியில் தேர் ஒரு முறை தளர்கிறது; பிறகு குலுங்கி முன்னேறுகிறது.

விலை குறைந்த கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் இதுதான் நடக்கிறது. இம்முறைக்கு ஆறுபடி முறை என்று பெயர். மின்னோட்டம் ஒரு சுருளிலிருந்து மறு சுருளுக்கு மாறும்போது, சுருளின் தூண்டல் குணத்தால் அது உடனே எழுவதுமில்லை, உடனே மறைவதுமில்லை. மாறும் ஒவ்வொரு முறையும் இழுப்பில் ஒரு பள்ளமோ மேடோ விழுகிறது. ஓர் இணைக் காந்த முனைகளுக்கு ஆறு மாற்றங்கள். எட்டு முனைகள் கொண்ட மோட்டாரில் நான்கு இணைகள். ஆகவே அச்சு ஒரு முறை சுற்றுவதற்குள் 24 துடிப்புகள். நிமிடத்திற்கு 600 சுற்று என்றால் விநாடிக்கு 10 சுற்று. விநாடிக்கு 240 துடிப்புகள்.

அச்சங்கத்தின் மோட்டார் அத்தகைய எட்டு முனை மோட்டார்தான். அதன் பெட்டியும் ஆறுபடி முறையைச் சேர்ந்ததுதான்.

சரி, 500 சுற்றிலும் துடிப்பு இருக்கிறது. 700 சுற்றிலும் இருக்கிறது. 600இல் மட்டும் நூல் அறுவானேன்? ஊஞ்சலை எண்ணிப் பாருங்கள். சிறு பிள்ளை தள்ளினாலும், ஊஞ்சலின் ஆட்டத்திற்கு ஒத்த தருணத்தில் தள்ளினால் அது வானளாவ எழும். ஒவ்வாத தருணத்தில் பெரியவர் தள்ளினாலும் எழாது. ஒவ்வொரு சட்டத்திற்கும், மேசைக்கும், பலகைக்கும் இயல்பான ஓர் அதிர்வெண் உண்டு. மோட்டாரின் துடிப்பு அந்த எண்ணோடு ஒத்துப்போனால், சிறு துடிப்பே பேரதிர்வாக வளர்கிறது. இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். தார் சுற்றும் சட்டம் விநாடிக்கு 240 என்னும் துடிப்புக்கு ஒத்தாடியது. கதிர்கள் நடுங்கின, நூல் செல்லும் வழிகாட்டிகள் நடுங்கின, இழுவை ஏறி இறங்கி நூல் அறுந்தது. பேரிங்கும் பெல்ட்டும் தேய்ந்ததும் அதே நடுக்கத்தால்தான்.

குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் முறை

இதை ஊகத்தால் சொல்லிவிடவில்லை. சங்கத்தின் மின்பணியாளரைக் கொண்டு ஓர் எளிய சோதனை செய்தோம். ஒவ்வொரு சங்கத்திலும் செலவின்றிச் செய்யத்தக்க சோதனை அது.

மோட்டாரை 700 சுற்றுக்கு மேல் ஓடவிட்டு, பிறகு மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். யந்திரம் தன் ஓட்ட வேகத்திலேயே மெல்ல மெல்லத் தணிந்து 600ஐக் கடந்து நிற்கும். 600ஐக் கடக்கும்போது சட்டம் நடுங்கினால், குற்றம் சுழலும் பாகங்களில் இருக்கிறது. எடைச் சமன் கெட்ட கப்பி, கோணிய அச்சு, தேய்ந்த பேரிங் ஆகியவற்றைத் தேட வேண்டும். மின்சாரத்தோடு 600இல் நடுங்கி, மின்சாரமின்றி 600ஐக் கடக்கும்போது நடுங்காவிட்டால், குற்றம் மின்னோட்டத்தில் இருக்கிறது.

மின்சாரத்தை நிறுத்தியவுடன் நடுக்கம் நின்றதா என்று மட்டும் பார்த்து முடிவு செய்துவிடக் கூடாது. வேகம் சற்றே குறைந்தாலும் ஒத்ததிர்வு விலகிவிடுமாதலால், அப்படிப் பார்ப்பது ஏமாற்றிவிடும். மேலே ஏற்றி, இறங்கும்போது அந்த வேகத்தைக் கடக்கவிடுவதே சரியான முறை.

இச்சோதனை இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்தது. நிலைக்காந்த மோட்டாரின் அச்சை மின்சாரமின்றி விரலால் திருப்பினால், படி படியாகத் தடுக்கித் தடுக்கிச் சுற்றுவதை உணரலாம். சுழலியிலுள்ள காந்தங்கள் நிலைப்பகுதியின் இரும்புப் பற்களைப் பற்றி இழுப்பதால் வருவது இது. இதுவும் துடிப்புக்கு ஒரு காரணமே. ஆனால் இவ்விழுப்பு மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீங்காது. எங்கள் சோதனையில் மின்சாரமின்றி நடுக்கம் தோன்றாததால், முதன்மைக் குற்றவாளி கட்டுப்பாட்டுப் பெட்டியே என்று தெளிவாயிற்று. மோட்டாரைக் கழற்றி விற்க வேண்டும் என்றவர்கள், குற்றமற்றதை விற்றுவிட்டுக் குற்றவாளியை வீட்டில் வைத்துக்கொள்ள இருந்தார்கள்.

பரிகாரம் மூன்று வகை

முதல் பரிகாரம் செலவில்லாதது. நல்ல கட்டுப்பாட்டுப் பெட்டிகளில், குறித்த வேகங்களில் நிற்காமல் தாண்டிச் செல்லும்படி அமைக்கும் வசதி உண்டு. அவ்வசதி இல்லாத இடத்தில் கப்பியின் அளவை மாற்றினால் போதும். அச்சங்கத்தில் நாங்கள் செய்தது இதுதான். 40ஆம் நம்பர் நூலுக்குக் கதிர்களின் வேகம் குறையக் கூடாது; ஆதலால் மோட்டாரின் கப்பியைச் சிறிதாக்கி, மோட்டாரை 700இல் ஓட்டி, கதிர்களின் வேகத்தை முன்போலவே வைத்தோம். சட்டத்தின் அடிப்போல்ட்டுகளையும் இறுக்கினோம். நடுக்கம் பெரும்பாலும் அடங்கியது. நூல் அறுவதும் பழைய அளவுக்குக் குறைந்தது.

இரண்டாவது பரிகாரம் மோட்டார் செய்பவர் கையில் இருக்கிறது. இரும்புப் பற்களையோ காந்தங்களையோ சற்றே சாய்வாக அமைத்தால், எல்லாக் காந்தங்களும் ஒரே கணத்தில் பற்களைப் பற்றா. முனைகளின் எண்ணிக்கையும் பற்களின் எண்ணிக்கையும் எளிதில் பொருந்தாதபடி தேர்ந்தால் இழுப்புகள் சிதறிச் சிறியவாகும். 8 முனைக்கு 12 பல் என்றால் ஒரு சுற்றுக்கு 24 தடுக்கல்கள். 10 முனைக்கு 12 பல் என்றால் 60 தடுக்கல்கள். எண்ணிக்கை கூடினால் ஒவ்வொன்றின் வலிமையும் குறையும். சாய்வு அமைப்பதால் மோட்டாரின் மொத்த இழுப்பு சிறிது குறையும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எதுவும் இலவசமாக வருவதில்லை.

மூன்றாவது பரிகாரம் கட்டுப்பாட்டு முறையை மாற்றுவது. தேர் இழுக்கும் மூன்று அணிகளும் சட்டென்று விடாமல், ஓரணி மெல்லத் தளர்த்தும் அளவுக்கே மற்றோரணி மெல்ல இறுக்கினால் தேர் குலுங்குமோ? மூன்று சுருள்களின் மின்னோட்டமும் அலைபோல் வளைந்து ஏறி இறங்கும்படி செய்வது அத்தகையது. சுழலியின் கோணத்தைக் கணந்தோறும் அறிந்து, அதற்கேற்ப மின்னோட்டத்தை வைக்கும் புலநோக்கு முறையை 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் ஜெர்மனியில் ஹாசே, பிலாஷ்கே என்பவர்கள் வகுத்தார்கள். அன்று அதற்கு வேண்டிய கணக்குகளைப் போடப் பெரிய கருவிகள் தேவைப்பட்டன. இன்று நகத்தளவுள்ள ஒரு சில்லு அதைச் செய்துவிடுகிறது. அதனால்தான் கூட்டுறவுச் சங்கங்கள் இதைப் பற்றிப் பேசும் காலம் வந்திருக்கிறது.

இம்முறைக்கும் எல்லைகள் உண்டு. காந்தத்தின் அலைவடிவமும் மின்னோட்டத்தின் அலைவடிவமும் பொருந்த வேண்டும். ஆறுபடி முறைக்கென்றே செய்த மோட்டாருக்கு வளைந்த மின்னோட்டம் கொடுத்தால் துடிப்பு குறையுமே அன்றி அறவே நீங்காது. மின்னோட்டத்தை அளக்கும் உறுப்பு சிறிது பிசகினாலும் புதிய துடிப்பு ஒன்று உண்டாகும். கோணம் காட்டும் உறுப்பு இல்லாமல் ஊகித்தே ஓட்டும் பெட்டிகள் மிகக் குறைந்த வேகத்தில் தடுமாறும். ஆகவே, “அலை முறை” என்று விலைப்பட்டியலில் அச்சிட்டிருப்பதைக் கண்டு மட்டும் மயங்கிவிடக் கூடாது. நம் யந்திரத்தில், நம் சுமையோடு ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும்.

உழவர் அங்கத்தினர்களுக்கு ஒரு சொல்

இது நெசவாளர்களின் தொல்லை என்று உழவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கிணற்று மோட்டாரிலும் இதே துடிப்பு வேறு வாயிலாக நுழைகிறது.

மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில், கெப்பாசிட்டர் பொருத்தி இருமுனையில் மும்முனை மோட்டாரை ஓட்டும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. தண்ணீர் வருகிறது என்பது உண்மை. ஆனால் மூன்று அணிகள் இழுக்க வேண்டிய தேரை இரண்டு அணிகள் ஏறுமாறாக இழுப்பது அது. விநாடிக்கு 100 முறை துடிப்பு எழுகிறது. ஒரு சுருள் அளவுக்கு மீறிச் சூடாகிறது. காயில் எரிந்து மீண்டும் கட்டும்போது, மோட்டார் மட்டம் என்று பழி சுமத்துகிறோம்.

மும்முனையும் இருக்கும்போதுகூட மூன்றின் மின்னழுத்தமும் சமமாக இல்லாவிட்டால் இதே தீங்கு சிறிய அளவில் நேரும். இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. மூன்று அளவுகளும் 415, 405, 395 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 405. அதிலிருந்து மிக அதிகமாக விலகியது 10 வோல்ட். பத்தை 405ஆல் வகுத்தால் ஏறத்தாழ இரண்டரை சதவீதம். இது சிறிய எண்போல் தோன்றும். ஆனால் மோட்டாரின் வெப்ப உயர்வு, இவ்வெண்ணின் வர்க்கத்தைப் போல் இரு மடங்கு சதவீதம் கூடும் என்பது மின்பொறியாளர்கள் கையாளும் தோராயக் கணக்கு. அதன்படி இங்கே பன்னிரண்டு சதவீதம் கூடுகிறது. ஏற்றத்தாழ்வு 5 சதவீதத்தைத் தாண்டினால் மோட்டாரை ஓட்டவே கூடாது என்பது பொறியாளர் விதி.

2019ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின் வழியே சூரிய சக்திப் பம்புகளும் உழவர்களிடம் வந்திருக்கின்றன. அவற்றிலும் மோட்டாருக்கு முன்னால் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கிறது; காலை முதல் மாலை வரை வெயிலுக்கேற்ப வேகம் மாறிக்கொண்டே இருக்கிறது. எனவே நாள்தோறும் ஒத்ததிர்வு வேகங்களை அவை இருமுறையேனும் கடக்கின்றன. ஒரு குறித்த வேகத்தில் மட்டும் குழாய் அதிர்கிறதா என்று கவனித்து, அதைப் பெட்டி அளித்தவரிடம் சொல்லி, அந்த வேகத்தைத் தாண்டும்படி அமைத்துத் தரக் கேட்பது உழவரின் உரிமை. ஆயினும் பம்பின் அதிர்ச்சி எல்லாவற்றையும் மோட்டாரின் தலையில் கட்டுவதும் நியாயமன்று. உறிஞ்சு குழாயில் காற்று புகுவதும், அச்சுகள் நேராக இணையாமலிருப்பதும், அடித்தளம் தளர்ந்திருப்பதும் எந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டியாலும் தீரா.

சங்கங்கள் செய்யத்தக்கவை

என் கருத்தில் ஒவ்வொரு சங்கமும் மூன்று காரியங்களை மேற்கொள்ள வேண்டும்.

முதலாவது, வாங்கும்போதே நிபந்தனை விதிப்பது. விலைப்புள்ளி கோரும் அறிவிப்பில் குதிரைசக்தியும் விலையும் மட்டும் எழுதினால், மிக மலிவான பெட்டிதான் வந்து சேரும். மின்னோட்டம் அலைவடிவில் இருக்க வேண்டும், வேகம் தாண்டும் வசதி இருக்க வேண்டும், நம் கூடத்தில் நம் சுமையோடு குறைந்த வேகம் முதல் உச்ச வேகம் வரை ஓட்டிக் காட்டிய பிறகே கடைசித் தவணைப் பணம் தரப்படும் என்று எழுத வேண்டும். அதிர்ச்சிக்கு அளவும் குறிக்கலாம். 1995இல் வெளியான ஐஎஸ்ஓ 10816 என்னும் சர்வதேச அளவுகோல், 15 கிலோவாட் வரையுள்ள சிறு மோட்டார்களுக்கு, விநாடிக்கு 1.8 மில்லிமீட்டர் வரையுள்ள அதிர்ச்சியை நீடித்து ஓடத்தக்கது என்றும், 4.5க்கு மேற்பட்டதைச் சேதம் விளைவிப்பது என்றும் வகுத்தது. இவ்வெண்களை நிபந்தனையில் எழுதிவிட்டால் பிறகு வாக்குவாதத்திற்கு இடமில்லை.

இரண்டாவது, அதிர்ச்சி அளக்கும் கருவி ஒன்றை வைத்துக்கொள்வது. ஒரு சங்கத்திற்கு அது பளுவாக இருந்தால், அண்டையிலுள்ள ஐந்தாறு சங்கங்கள் கூடி ஒன்றை வாங்கி மாதம் ஒரு நாள் முறைவைத்துப் பயன்படுத்தலாம். தொழிற்பயிற்சி பெற்ற நம் வீட்டுப் பிள்ளைகள் ஓரிரு நாளில் அதைக் கற்றுக்கொள்வார்கள்.

மூன்றாவது, ஏடு. பழுதுபார்ப்புச் செலவு ஏட்டில் தேதி, பொருள், தொகை என்ற மூன்று பத்திகளே இருக்கின்றன. “எந்த வேகத்தில், எந்தச் சுமையில், யார் கவனித்தது” என்று நான்காவது பத்தி ஒன்றைச் சேருங்கள். யந்திரத்தின் பக்கத்தில் நாளெல்லாம் நிற்பவர் சொல்வதை அதில் அப்படியே எழுதுங்கள்.

இவற்றுக்கு எழக்கூடிய ஆட்சேபங்களை நான் அறிவேன். “மின்சாரமோ சலுகையாகக் கிடைக்கிறது, 2023இல் விசைத்தறிகளுக்கு இருமாத இலவச அளவை 750 யூனிட்டிலிருந்து 1,000 யூனிட்டாக அரசு உயர்த்தியது, உழவர் பம்புகளுக்கோ கட்டணமே இல்லை, துடிப்பால் சிறிது மின்சாரம் வீணானால் நமக்கென்ன?” என்பார்கள் சிலர். மின்சாரம் இலவசமாகலாம், பேரிங் இலவசமாகாது. காயில் கட்டும் கூலி இலவசமாகாது. அறுந்த நூலை முடியும் நேரம் இலவசமாகாது.

“விலை கூடிய பெட்டியை வாங்கினால் தணிக்கையில் கேள்வி வருமே” என்று அஞ்சும் காரியதரிசிகளும் உண்டு. அவர்களுக்கு நான் ஆய்வாளன் என்ற முறையிலேயே சொல்கிறேன்: காரணம் எழுதாமல் வாங்கினால் கேள்வி வரும், தேவையான தன்மையை முன்கூட்டியே நிபந்தனையாக அறிவித்து, சோதித்த விவரத்தைத் தீர்மானப் புத்தகத்தில் பதிந்து வாங்கினால், எந்தக் கேள்விக்கும் அதுவே விடை. எட்டு மாதங்களில் இரண்டு பேரிங் மாற்றியதற்குத்தான் விடை சொல்வது கடினம்.

“எல்லா இடத்திற்கும் உயர்ந்த பெட்டி வேண்டுமா?” என்றால், வேண்டாம் என்பதே என் விடை. ஒரே வேகத்தில் ஓடும் காற்றாடிக்கும் சாதாரணப் பம்புக்கும் நல்ல அடித்தளமும் சமமான மின்னழுத்தமும் போதும். நூலின் இழுவை மோட்டாரோடு நேரே பிணைந்திருக்கும் இடங்களில், அதாவது தார் சுற்றுதல், பாவு ஓட்டுதல் போன்ற வேலைகளில், துடிப்பில்லாத கட்டுப்பாட்டுக்குக் கொடுக்கும் பணம் துணியாகத் திரும்பி வரும். செலவு செய்ய வேண்டிய இடத்தையும் சிக்கனம் செய்ய வேண்டிய இடத்தையும் பிரித்தறிவதே நிர்வாகம்.

எஞ்சிய கடன்

1937ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின்மோட்டார் ஒன்றைச் செய்து காட்டினார்கள். இந்தியாவில் உருவான முதல் மோட்டார் என்று அது போற்றப்படுகிறது. மோட்டார் செய்யும் திறமை நம் மண்ணில் அன்றே வேரூன்றிவிட்டது. வாங்குகிறவர்களாகிய நாம் கேட்கத் தெரிந்துகொண்டால், செய்கிறவர்கள் அதற்கேற்பச் செய்வார்கள். தனி ஒருவர் கேட்டால் எடுபடாத நிபந்தனை, நூறு சங்கங்கள் ஒரே குரலில் கேட்டால் எடுபடும். கூட்டுறவின் பலம் கடன் கொடுப்பதில் மட்டும் இல்லை. கேள்வி கேட்பதிலும் இருக்கிறது.

அச்சங்கத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். மோட்டார் சரியாகிவிட்டது, ஆனால் எட்டு மாதங்கள் நூல் அறுந்ததால் தார் சுற்றும் பெண்கள் இழந்த கூலி சரியாகவில்லை. தவறு அவர்களுடையதன்று என்பது சோதனையில் தெளிவாகிவிட்ட பிறகு, முந்தைய ஆண்டின் தார்க் கணக்கோடு ஒப்பிட்டு அந்தக் குறைவைச் சங்கம் ஈடு செய்ய வேண்டும் என்று என் அறிக்கையில் எழுதியிருக்கிறேன். நிர்வாகக் குழுவினர் அதை அடுத்த பேரவையில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். யந்திரத்தின் குற்றத்தை உழைப்பவர் தலையில் ஏற்றுவது எங்கும் தவறு. உழைப்பவர்களே உரிமையாளர்களாக இருக்கும் கூட்டுறவுச் சங்கத்தில் அது இரட்டைத் தவறு.

அந்த மூதாட்டி முதல் வாரத்திலேயே விடையைக் கண்டு வைத்திருந்தார். அதை எழுதிக்கொள்ள ஓர் ஏடு இல்லாததால், சங்கம் இரண்டு பேரிங்கும் மூன்று பெல்ட்டும் செலவழித்தது. இம்மாதம் உங்கள் சங்கத்துக் கூடத்திற்குச் சென்று, யந்திரத்தின் அருகே நிற்பவரிடம் “எந்த வேகத்தில் நடுங்குகிறது?” என்று கேளுங்கள். அவர் சொல்வதை ஏட்டில் எழுதுங்கள். அடுத்த முறை நான் வரும்போது முதலில் கேட்கப்போவது அந்த ஏட்டைத்தான்.